எல்கேஜி பிள்ளைகளுக்கு 'டார்கெட்' எழுதச் சொல்கிறார்கள். எப்படி எழுதுவது?

கம்பம்ரோடு_டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். தேனிப் பக்கம் ஒரு சின்ன நர்சரி பள்ளியில் எல்கேஜி எடுக்கிறேன். இது இரண்டாவது வருடம். 24 பிள்ளைகள், நான், ஆயா அக்கா ஒருவர். அவ்வளவுதான் வகுப்பு.

போன சனிக்கிழமை மீட்டிங் போட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையும் டிசம்பருக்குள் எட்ட வேண்டிய 'டார்கெட்' எழுதி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி ஃபைலில் வைக்க வேண்டுமாம். மாதிரிக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். 1 முதல் 50 வரை எழுதுதல், ஆங்கிலப் பெரிய எழுத்து 26, உயிரெழுத்து 12, ரைம்ஸ் 10, கடைசியாக 'நன்றாக உட்காருதல்'. 24 பேருக்கும் இதே தாள், பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்றார்கள்.

போன வருடம் அப்படித்தான் செய்தேன். மார்ச்சில் டிக் போட வேண்டிய நாள் வந்ததும், எழுதத் தெரியாத பிள்ளைகளின் கையைப் பிடித்து நானே எழுதி, நானே டிக்கும் போட்டேன். அது இன்னும் உறுத்துகிறது. இந்த வருடம் ஒழுங்காகச் செய்யலாம் என்று உட்கார்ந்தால் ஒரு பிள்ளைக்குக்கூட எழுத வரவில்லை.

ஒரு பையனை மட்டும் சொல்கிறேன். மே மாதக் கடைசியில்தான் மூன்று வயது முடிந்தது. அம்மாவும் அப்பாவும் விடிவதற்கு முன்பே ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்விடுவார்கள், ஆச்சிதான் கொண்டு வந்து விடுகிறார். கிரேயானைக் கொடுத்தால் உலக்கை பிடிப்பது மாதிரி முழுக் கையால் பிடிக்கிறான். ஒன்று முதல் இருபது வரை ராகமாகச் சொல்வான், ஒரு எண்கூடத் தப்பாது. ஆனால் "மூணு புளியங்கொட்டை எடுத்துக் கொடு" என்றால் அள்ளி ஒரு கை நிறையக் கொடுக்கிறான். அவன் பக்கத்தில் உட்காரும் பெண் குழந்தை ஜூன் மாதம் நான்கு முடித்தவள். தன் பெயரை எழுதிவிடுகிறாள். இருவருக்கும் ஒரே தாளா?

இன்னொரு பெண் குழந்தை. பள்ளிக்கு வந்து மூன்று மாதமாகிறது, ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் வாய் மூடுவதே இல்லை என்று அம்மா சொல்கிறார். அவளுக்கு 'ரைம்ஸ் 10' என்று எப்படி எழுதுவது?

எவ்வளவு சின்னதாக எழுதினால் சரி? அதை மேலே இருப்பவர்களும் பெற்றோரும் ஏற்க வேண்டுமே? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ரெண்டு_பிள்ளைக்காரன்:

நான் டீச்சர் இல்லை, அப்பா. எதிர்ப்பக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை.

பையன் ப்ரீகேஜி படித்த பள்ளியில் "என்ன சொல்லிக் கொடுத்தீர்கள்?" என்று எப்போது கேட்டாலும் "ஜாலியாக விளையாடினான் சார்" என்பார்கள். ஃபீஸ் கட்டுகிறவனுக்கு அது பதில் இல்லை. 1 முதல் 50 என்றால் நோட்டைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். அதனால்தான் பெற்றோர் அதைக் கேட்கிறோம், குழந்தையைக் கொடுமைப்படுத்த இல்லை. நோட்டுக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரிகிற வேறு ஏதாவது காட்டினால் நானே முதலில் கையெழுத்துப் போடுவேன்.

---

பால்வாடி_அக்கா:

டீச்சரம்மா, நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் அங்கன்வாடியில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். நான் சொல்லச் சொல்லப் பேத்தி தட்டச்சு செய்கிறாள். நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தாளில் கடைசியாக இருக்கும் 'நன்றாக உட்காருதல்' என்பதை முதலில் எடுங்கள். நீங்களும் ஆயாவும் தனித்தனியாக அந்தப் பையனைப் பார்த்தால், நன்றாக உட்கார்ந்தானா இல்லையா என்பதில் ஒரே பதில் சொல்வீர்களா? மாட்டீர்கள். "கதை சொல்லும்போது ஐந்து நிமிடம் பாயை விட்டு எழாமல் இருப்பான்" என்று எழுதியிருந்தால் சொல்லிவிடலாம். இந்தப் புத்தி எனக்குத் தானாக வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் 22 பிள்ளைகளுக்கும் பதிவேட்டில் 'மொழி வளர்ச்சி: நன்று' என்று ஒரே பேனாவில் எழுதி வைத்திருந்தேன். மேற்பார்வையாளர் அம்மா வந்து ஒரு பெயரில் விரலை வைத்து, "நன்றுன்னா இவ என்ன பேசினா? ஒரு வாக்கியம் சொல்லு" என்றார். எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மறுநாளே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். பிள்ளைக்கு ஒரு பக்கம், வாரத்துக்கு இரண்டு வரி: தேதி, அது செய்த ஒரு காரியம், அது சொன்ன ஒரு பேச்சு, அதன் வாய்மொழியிலேயே. பக்கத்தின் மேல் மூலையில் வயது, மாதக் கணக்கில். உங்கள் பையன் இப்போது 39 மாதம், அந்தப் பெண் 50 மாதம் என்று வைத்துக்கொண்டால் இடையில் 11 மாதம். அவன் இதுவரை வாழ்ந்ததில் கால்வாசிக்கும் மேல். இதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் எந்தப் பெற்றோரும் யோசிப்பார்கள்.

அடுத்தது அந்தப் புளியங்கொட்டை. அவன் இருபது வரை சொல்வது எண்ணுவது இல்லை, அது ஒரு பாட்டு. அதைக் குறை சொல்லவில்லை, பாட்டு முதலில் வர வேண்டும்தான். ஆனால் அதற்கு மேல் பல படி இருக்கிறது. மூன்று கொட்டையை வரிசையாக வைத்துத் தொட்டுத் தொட்டு எண்ணச் சொல்லுங்கள். ஒரு தொடுதலுக்கு ஒரு எண் சொல்கிறானா, வாய் முந்தி ஓடுகிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் உடனே "அப்ப எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி முதலில் இருந்து எண்ண ஆரம்பித்தால், கடைசியாகச் சொன்ன எண்தான் பதில் என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. குவியலில் இருந்து "மூணு கொடு" என்பது இவை எல்லாவற்றையும் விடக் கஷ்டம், ஏனென்றால் எங்கே நிறுத்துவது என்று அவனே முடிவு செய்ய வேண்டும். நீங்கள் நேராக மேல் படியில் நின்று கூப்பிட்டிருக்கிறீர்கள். அவனுக்கு இப்போது "மூன்று பொருளைத் தொட்டு எண்ணுவான்" என்று எழுதுங்கள். அது வந்ததும் "இரண்டு கேட்டால் இரண்டு கொடுப்பான்". ஐம்பது எங்கும் ஓடிவிடாது.

இதற்குப் பல்லாங்குழியை விட நல்ல சாமான் நான் பார்த்ததில்லை. 14 குழியும் வேண்டாம், ஒரு பக்கத்து ஏழு போதும். குழிக்கு ஒரு கொட்டை போட்டுக்கொண்டே போவதுதான் ஒன்றுக்கு ஒன்று. விரல் நுனியால் எடுப்பதால் கைக்கும் வேலை. ஒன்று மட்டும் எச்சரிக்கை: இந்த வயதில் கொட்டையை மூக்கில் போட்டுக்கொள்வார்கள், வாயிலும் போடுவார்கள். ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடியிருக்கிறேன். அதற்கப்புறம் பக்கத்தில் ஆள் இல்லாமல் கொட்டையை வெளியே எடுக்கவே மாட்டேன், கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எண்ணுவேன்.

இனி எழுத்து. பிள்ளைகளின் கையில் கோடுகள் வருவதற்கு ஒரு வரிசை உண்டு. நிற்கும் கோட்டைப் பார்த்துப் போடுவது இரண்டு வயது வாக்கில், அப்புறம் படுத்த கோடு, மூன்றில் வட்டம், நான்கு வாக்கில் கூட்டல் குறி, அதற்குப் பின் சதுரம், ஐந்து வாக்கில் முக்கோணம். முன்னே பின்னே இருக்கும். இப்போது நம் 'அ'வைப் பாருங்கள். ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு படுத்த கோடு, ஒரு நிற்கும் கோடு. 'இ' அதைவிடச் சிக்கல். அகரவரிசையில் முதலில் நிற்பவை கைக்குக் கடைசியில் வர வேண்டியவை! 'ட' என்றால் நிற்கும் கோடு ஒன்று, படுத்த கோடு ஒன்று. இன்னொரு நிற்கும் கோடு சேர்ந்தால் 'ப'. அதனால் என் பிள்ளைகள் கையால் முதலில் போட்டது 'ட'. உயிரெழுத்தைக் கண்ணால்தான் படித்தார்கள்: மூன்று அட்டையில் 'அம்மா அ' எது என்று எடுத்துக் கொடுப்பார்கள். விஜயதசமிக்கு அரிசியில் 'அ' எழுத வைக்கிறோமே என்பார்கள். ஆமாம், மடியில் உட்கார வைத்து நாம் கையைப் பிடித்துத்தானே எழுதுகிறோம்? அது சடங்கு, அழகான சடங்கு. போன மார்ச்சில் நீங்கள் செய்தது அதே காரியம், டிக்கோடு.

உலக்கைப் பிடிக்கு ஒரு வைத்தியம். கிரேயானையும் சாக்பீஸையும் கட்டைவிரல் நீளத்துக்கு உடைத்துக் கொடுங்கள். முழுக் கையால் பிடிக்க இடம் இருக்காது, விரல்கள் தானாக முன்னே வரும். தரையில் குனிந்து எழுதுவதோடு சுவரில் கரும்பலகை அடித்து நின்றும் எழுத விடுங்கள். ஈரத்துணி பிழிவது, துணிக் கிளிப்பைக் கயிற்றில் மாட்டுவது, முருங்கைக்கீரை உருவுவது இதெல்லாம் பென்சிலுக்கு முந்திய பாடம். ஆச்சி கையில் வளரும் பையனுக்குக் கீரை உருவத் தெரிந்திருந்தாலும் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

நான் எப்போதும் ஒரு காரியத்துக்கு நான்கு நிலை வைத்திருப்பேன். கையைப் பிடித்தால் செய்கிறான், செய்து காட்டினால் செய்கிறான், வாயால் சொன்னால் செய்கிறான், தானாகச் செய்கிறான். இன்று அவன் இரண்டில் நின்றால் இலக்கு மூன்று, நான்கு கிடையாது. இன்னொரு வரியும் எழுதுவேன்: நான் என்ன செய்யப் போகிறேன், எந்த நேரத்தில் என்று. "சாப்பாட்டுக்கு முன் ஆளுக்கு ஒரு தட்டு வைக்கும் வேலையை வாரம் மூன்று நாள் இவனிடம் கொடுப்பேன்" என்பது மாதிரி. 24 பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சோதிக்க உங்களுக்கு நேரம் ஏது? தட்டு வைக்கும்போது, செருப்பு மாட்டும்போது, கை கழுவும்போது பார்த்துக் குறித்தால் ஆயிற்று. நாளைக்கு நான்கு பிள்ளை, ஆறு நாளில் வகுப்பு முடிந்துவிடும்.

டிசம்பர் வரைக்கும் ஒரே இலக்கு வேண்டாம், ரொம்பத் தூரம். ஆறு வாரம் போதும். ஆறு வாரத்தில் வரவில்லை என்றால் படியைப் பாதியாக உடைப்பேன், பிள்ளையை ஒன்றும் சொல்ல மாட்டேன். மூன்றே நாளில் வந்துவிட்டது என்றால் நான் அவனைச் சரியாகப் பார்க்கவில்லை என்று பொருள். அதுவும் எனக்குப் பல தடவை நடந்திருக்கிறது.

பேத்திக்குக் கை வலிக்கிறதாம். இத்தோடு விடுகிறேன்.

---

சுண்ணக்கட்டி:

அக்கா சொன்னதற்கு மேல் பாடம் நடத்த ஒன்றும் இல்லை. உங்கள் மேலிடத்திடம் பேசுவதற்கு மட்டும் கொஞ்சம் காகிதம் தருகிறேன். நான் அரசுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர், ஒன்றாம் வகுப்பு.

சின்ன வகுப்புகளில் வாசிப்பும் எண்ணும் வர வேண்டும் என்று மத்திய அரசு 2021 ஜூலையில் தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தில் வயதுவாரியாக இலக்கு போட்டிருக்கிறார்கள். அதில் பால்வாட்டிகா என்பது ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வருடம், அதாவது 5 முதல் 6 வயது. அந்த வயதுக்கு எண்ணில் கேட்பது என்ன தெரியுமா? 10 வரை எண்களை அடையாளம் கண்டு வாசிப்பது, பொருட்களையும் வடிவங்களையும் வரிசைப்படுத்துவது. 99 வரை என்பது ஒன்றாம் வகுப்புக்கு. உங்கள் பையனுக்கு அந்தப் பத்துக்கே இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. நீங்களோ ஐம்பது எழுத வைக்கப் பார்க்கிறீர்கள்.

2022 அக்டோபரில் வந்த அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டமும் 3 முதல் 6 வயதுக்குப் பாடப்புத்தகம் வேண்டாம், தேர்வு வைக்கக் கூடாது என்கிறது. குழந்தையைக் கவனிப்பதும், அது வரைந்ததையும் செய்ததையும் எடுத்து வைத்துப் பார்ப்பதும்தான் மதிப்பீடு.

"ஒரே வகுப்பில் ஆளுக்கொரு இலக்கா?" என்று கேட்டால், நம் மாநிலத்தின் எண்ணும் எழுத்தும் திட்டத்தைக் காட்டுங்கள். 2022 முதல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை நிற்கும் நிலைக்கு ஏற்பத்தான் பயிற்சி கொடுக்கிறோம். சேர்ந்து உட்காருவார்கள், வேலை வேறு வேறு.

கடைசியாக ஒரு வயிற்றெரிச்சல். எல்கேஜியில் ஐம்பது வரை எழுதிய பிள்ளைகள் எங்களிடம் வருகிறார்கள். "ஏழுக்கு முன்னாடி என்ன?" என்றால் ஒன்றில் இருந்து ஓட ஆரம்பிக்கிறார்கள். பாதிப் பேருக்கு 3 கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பியிருக்கும். அதில் தப்பில்லை, ஆறு வயதில் சகஜம். பென்சிலைப் பார்த்தாலே முகம் சுருங்குகிறதே, அதைச் சரிசெய்யத்தான் எங்களுக்கு ஒரு பருவம் போகிறது.

---

கைவிரல்_தெரபி:

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நான், பிள்ளைகளின் கை வேலை, அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். இரண்டு விஷயம் மட்டும்.

முதலாவது, இலக்கு வேறு, வளர்ச்சி மைல்கல் வேறு. இலக்கு நாம் வைப்பது, எட்டாவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். மைல்கல் என்பது அந்த வயதில் பெரும்பாலான குழந்தைகள் செய்துவிடுவது. அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையமான சிடிசி 2022-இல் தன் பட்டியலைத் திருத்தியபோது, 75 சதவீதக் குழந்தைகளாவது செய்யும் வயதில்தான் ஒவ்வொரு மைல்கல்லையும் வைத்தது. முன்பு பல பட்டியல்கள் பாதிப் பேர் செய்யும் வயதைக் காட்டின. அப்படி இருந்தால் "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்று சொல்லத்தான் தோன்றும். இப்போதைய பட்டியலில் பின்தங்கினால் காத்திருக்காமல் காட்டிவிட வேண்டும்.

உங்கள் பையனின் முழுக் கைப்பிடி இந்த வயதில் என்னைப் பயமுறுத்தவில்லை. மூன்று விரல் பிடி மூன்றரை, நான்கு வாக்கில்தான் மெல்ல வரும், விரல்களை மட்டும் அசைத்து எழுதுவது அதற்கும் பிறகு. மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளில் பாதிக்கு மேல் அவனுக்கு இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். நான் பார்ப்பது வேறு: கூப்பிட்டால் திரும்புகிறானா, இரண்டு மூன்று வார்த்தை சேர்த்துப் பேசுகிறானா, மற்ற பிள்ளைகள் விளையாடினால் போய்ச் சேர்கிறானா, முன்பு தெரிந்த எதையாவது மறந்துவிட்டானா. இதில் சந்தேகம் இருந்தால் முதலில் காது பரிசோதனை. மத்திய அரசின் ஆர்பிஎஸ்கே என்ற குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டக் குழு அங்கன்வாடிகளுக்கும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும்தான் வருவார்கள். தனியார் நர்சரி பிள்ளைகள் இதில் விட்டுப்போகிறார்கள், அதனால் நீங்களே பெற்றோரிடம் சொல்லி மாவட்டத்தில் உள்ள டிஇஐசி என்ற ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு (வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டு உதவும் இடம்) அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, பேசாத பெண் குழந்தை. வீட்டில் சரளமாகப் பேசி, பள்ளியில் முதல் மாதம் தாண்டியும் வாய் திறக்கவில்லை என்றால் அது பிடிவாதம் இல்லை, பதற்றம். "சொல்லு, சொன்னாத்தான் மிட்டாய்" என்பது இன்னும் இறுக்கிவிடும். அவள் இலக்கில் 'பேசுவாள்' என்ற சொல்லே வேண்டாம். தலையசைத்துப் பதில் சொல்வாள், வேண்டியதைக் கையால் காட்டுவாள், பக்கத்துப் பெண்ணின் காதில் ஒரு வார்த்தை சொல்வாள் என்று ஒவ்வொன்றாக ஏறுங்கள். காலையில் யாரும் வருவதற்கு முன் அம்மாவோடு வந்து வகுப்பறையில் பத்து நிமிடம் பேசி விளையாடட்டும். நீங்கள் தூரத்தில் வேறு வேலை பாருங்கள். கூடவே குழந்தைகள் மனநல மருத்துவர் ஒருவரிடமும் காட்டிவிடச் சொல்லுங்கள்.

---

கம்பம்ரோடு_டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. பால்வாடி அக்கா, உங்கள் பேத்திக்குத் தனியாக ஒரு நன்றி.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து ஒன்பது பிள்ளைகளுக்கு எழுதினேன். மீதிப் பேரைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, சில பிள்ளைகளை நான் பார்க்கவே இல்லை. சத்தம் போடாமல் இருக்கும் ஏழெட்டுப் பேர். ஆயா அக்காவிடம் கேட்டேன். யார் தானாகச் செருப்பு மாட்டுவார்கள், யார் டம்ளரைச் சரியாக எண்ணி எடுத்து வருவார்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னார். இந்தத் தாளில் முதல் கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டும்.

பையனுக்கு எழுதியது இது: "ஆறு வாரத்துக்குள், நான் ஒரு முறை செய்து காட்டினால், மூன்று பொருளைத் தொட்டு எண்ணுவான். உடைத்த கிரேயானால் சுவர்ப்பலகையில் நிற்கும் கோடும் படுத்த கோடும் போடுவான். கதை நேரத்தில் ஐந்து நிமிடம் பாயில் இருப்பான். நான்: சாப்பாட்டு நேரத்தில் தட்டு வைக்க விடுவேன், வாரம் மூன்று நாள்." ஆச்சியிடம் படித்துக் காட்டினேன். கீரை உருவுவானா என்று கேட்டதற்கு, "உருவுவான், பாதியைக் கோழிக்குப் போட்டுருவான்" என்றார். கைரேகை வைத்துக் கொடுத்தார்.

மேலிடத்தில் சுண்ணக்கட்டி சார் சொன்ன 10, 99 கணக்கைச் சொன்னேன். உடனே ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்துப் பள்ளியில் 100 வரை எழுதுகிறார்களாம், அட்மிஷன் போய்விடுமாம். கடைசியில் தீபாவளி விடுமுறை வரை என் வகுப்பில் மட்டும் செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா சார் கேட்டது மாதிரி, மாதம் ஒரு முறை பிள்ளை செய்வதைப் பெற்றோருக்கு அரை நிமிட வீடியோவாகக் காட்டப் போகிறேன், நோட்டுக்குப் பதிலாக.

அந்தப் பெண் குழந்தையின் அம்மா வியாழக்கிழமையில் இருந்து எட்டேகாலுக்குக் கூட்டி வருகிறார். இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. என் மேஜைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அம்மாவிடம் கிசுகிசுக்கிறாள், அவ்வளவுதான்.

பையன் நேற்று தட்டு வைத்தான். ஆறு பேர் வரிசைக்கு எட்டுத் தட்டு எடுத்து வந்தான். வைத்து முடித்ததும் கையில் இரண்டு மிஞ்சியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் கொண்டு போய் அடுக்கிலேயே வைத்துவிட்டு வந்தான். நோட்டில் தேதி போட்டு எழுதியிருக்கிறேன். அக்கா, இது நான்கில் எந்த நிலை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

---

பால்வாடி_அக்கா:

தட்டு எடுத்து வரச் சொன்னது நீங்கள், அது மூன்று. மிஞ்சியதைத் திருப்பி வைக்க யாரும் சொல்லவில்லையே, அது நான்கு. இரண்டையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். கோழிக்கு எவ்வளவு கீரை போட்டான் என்பதையும் ஆச்சியிடம் கேட்டு எழுதுங்கள்.